மீஞ்சூர் மார்க்கம் – 17: சாரதியில்லாத வண்டிகள்

சென்ற அத்தியாயத்தில், வண்டலூரிலே புறப்பட்ட வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வரையில் வந்து, அங்கே சில ஆண்டுகள் தங்கி, பிறகு 2021-ஆம் ஆண்டில் நம் மீஞ்சூரை வந்து தொட்ட வரலாற்றைச் சொல்லி நிறுத்தினோம். சுமார் 62 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த அகன்ற சாலை இந்த வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த காலத்திலேதான், உலகத்தின் வேறு சில மூலைகளில், ஓட்டுகிறவர் எவரும் அமராத வாடகைக் கார்கள் ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரத்துக்குப் பரவத் தொடங்கின. இவ்விரு சம்பவங்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றலாம். ஆயினும், மாட்டு வண்டி முதல் ஷேர் ஆட்டோ வரையில் இந்த மார்க்கத்தில் வந்துபோன வாகனங்களின் கதையைச் சொல்லி வருகிற இத்தொடர், வண்டியைச் செலுத்துகிற மனிதனே வண்டியைவிட்டு இறங்கிவிடுகிற இந்தக் கட்டத்தைப் பேசாமல் மேலே செல்வது முறையாகாது. அன்றியும், அந்நிய தேசத்து விந்தையென்று நாம் கருதிக்கொண்டிருக்கும் இக்கதையின் இரண்டு முக்கியமான இழைகள், மீஞ்சூரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்திலேயே தொடங்குகின்றன.

முதல் இழை, பழைய சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவில், காட்டூர் என்னும் சிற்றூரில், 1937-ஆம் ஆண்டு பிறந்த ராஜ் ரெட்டி அவர்களிடமிருந்து வருகிறது. (மீஞ்சூருக்கு அருகிலேயே நமக்கும் ஒரு காட்டூர் உண்டு, இது வேறு.) கிண்டிப் பொறியியற் கல்லூரியில் சிவில் இஞ்சினீயரிங் பயின்று 1958-இல் பட்டம் பெற்ற அவர், ஆஸ்திரேலியாவிலும் பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையிலும் கல்வியைத் தொடர்ந்து, கணிப்பொறிக்குப் பேச்சைக் கேட்கும் சக்தியை அளிக்கும் ஆராய்ச்சியில் பெரும் புகழ் எய்தினார். 1979-இல் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட் தோன்றியபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் அவரே. கணிப்பொறித் துறையின் தலையாய கௌரவமாகிய ட்யூரிங் விருது 1994-இல் அவரை வந்தடைந்தது. அவர் தலைமை வகித்த அந்த நிலையத்திலேதான், 1980-களின் நடுவில், காமிராக்களையும் கணிப்பொறி அடுக்குகளையும் சுமந்துகொண்டு, தானே பாதையைக் கண்டறிந்து ஊர்ந்து செல்லும் ‘நாவ்லாப்’ என்ற வண்டிகள் பிறந்தன.

அந்த வரிசையில் ஐந்தாவதாகிய வண்டி, 1995-ஆம் ஆண்டு கோடையில், பிட்ஸ்பர்க்கிலிருந்து பசிபிக் கடற்கரையிலுள்ள சான் டியகோ வரையில், ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர் தூரம் சென்றது. அத்தூரத்தில் 100-க்கு 98 பங்குக்கு மேல் ஸ்டியரிங்கைத் திருப்பியது கணிப்பொறியே. வேகத்தைக் கூட்டுவதையும் பிரேக் போடுவதையும் மட்டும் உள்ளே இருந்த ஆராய்ச்சியாளர் இருவர் தங்கள் காலாலே செய்து வந்தார்கள். யந்திரத்தினிடம் கையை ஒப்படைத்துவிட்டுக் காலைத் தன்னிடமே வைத்துக்கொண்ட மனிதனின் அந்த ஜாக்கிரதையை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னால் வந்தவர்கள் சிலருக்கு அந்த ஜாக்கிரதை இல்லாமற் போயிற்று என்பதை இந்த அத்தியாயத்தின் நடுவிலே காண்போம்.

2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13-ஆம் தேதி, அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி ஸ்தாபனமாகிய டார்ப்பா, மொஹாவிப் பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்கு ஒரு பந்தயம் வைத்தது. புறப்பட்ட 15 வண்டிகளில் ஒன்றேனும் இலக்கை அடையவில்லை. மிக அதிக தூரம் சென்ற வண்டியே 12 கிலோமீட்டரை எட்டுவதற்குள் மேட்டிலே சிக்கிக்கொண்டது; அது கார்னகி மெலனுடையது. அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டின் ‘ஸ்டான்லி’ 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாலைவனப் பாதையை ஏழு மணி நேரத்துக்குள் கடந்து பரிசைப் பெற்றது. 2007-இல் கைவிடப்பட்ட விமானப் படைத் தளம் ஒன்றின் தெருக்களில், பிற வாகனங்களும் ஓடிக்கொண்டிருக்க, சாலை விதிகளுக்கு அடங்கி ஓட்ட வேண்டிய மூன்றாவது பந்தயத்தில் கார்னகி மெலனின் ‘பாஸ்’ வென்றது. இப்பந்தயங்களில் பழகிய இளைஞர்களைக் கொண்டே 2009-இல் கூகுள் நிறுவனம் தன் சுயசாரதி வண்டித் திட்டத்தைத் தொடங்கிற்று. அத்திட்டமே 2016-ஆம் ஆண்டின் இறுதியில் ‘வேமோ’ என்னும் தனி நிறுவனமாக உருப்பெற்றது. அதனைத் தன்னுள் கொண்ட ஆல்ஃபபெட் நிறுவனத்துக்கு இன்று தலைமை வகிப்பவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அவர்கள்.

ஆனால் பொதுஜனங்களில் ஒருவர் கைப்பேசியில் அழைத்து இத்தகைய வாடகை வண்டியில் ஏறிய முதல் நகரம் அமெரிக்காவில் இல்லை. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வீற்றிருக்கும் சிங்கப்பூரிலே, ஒன்-நார்த் என்னும் வட்டாரத்தில், 2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25-ஆம் தேதி, நியூடோனமி என்னும் சிறு நிறுவனம் அந்தச் சேவையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. அழைப்புப் பெற்ற சிலரே ஏற முடிந்தது. ஏறும் இடமும் இறங்கும் இடமும் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தன. முன்னிருக்கையில் ஓர் ஊழியர் எச்சரிக்கையாக அமர்ந்திருந்தார். பின்னால் எழுந்த சேவைகள் பலவும் இத்தகைய சிறு தொடக்கத்தோடேயே ஆரம்பித்தன.

இந்த வண்டிகள் புதியதொரு நகரத்துக்குள் புகும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதனை அறியாமல், மீஞ்சூருக்கு அவை வருமா என்ற கேள்விக்கு விடை காண இயலாது. முதலில், மனிதர் ஓட்டும் சில கார்கள் அந்த ஊரின் தெருக்களை மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றன. அவற்றின் உச்சியிலே சுழலும் லைடார் என்னும் கருவி, கண்ணுக்குப் புலப்படாத லேசர் துடிப்புகளை நாற்புறமும் வீசி, அவை பட்டுத் திரும்பும் கால அளவைக்கொண்டு ஒவ்வொரு சுவரும், கம்பமும், நடைபாதை விளிம்பும் எத்தனை தூரத்தில் இருக்கின்றன என்பதைக் கணித்து, விரற்கடை பிசகாத வரைபடமொன்றை வரைகிறது. அந்த வரைபடத்தை மனத்திலே தாங்கிய பிறகுதான் வண்டி தன் பொறுப்பில் ஓடத் தொடங்கும். அப்பொழுதும், வரைபடத்தில் உள்ளதற்கும் எதிரே காண்பதற்கும் உள்ள வேற்றுமையையே, அதாவது நடக்கிறவரையும், சைக்கிளையும், திடீரெனத் திறக்கும் கார்க் கதவையுமே, லைடாரும் ரேடாரும் காமிராவும் ஒருங்கே பார்த்துத் தீர்மானிக்கின்றன. வண்டி குழம்பி நின்றுவிடுமானால், தொலைவில் ஓர் அறையில் திரைகளின் முன்னே அமர்ந்திருக்கும் ஊழியரிடம் யோசனை கேட்கிறது. வரைபடம் வரையப்பட்ட எல்லைக்கு வெளியே ஓர் அடியும் அது எடுத்து வைப்பதில்லை. ஆகவே இந்த விஸ்தரிப்பு, ரயில்வே கம்பெனிகள் பழைய நாளில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தண்டவாளம் போட்டுக்கொண்டு சென்றது போன்றதே. காணாத தண்டவாளத்தின்மேல் கார் ஓடுகிறது என்பதே வித்தியாசம்.

அரிஸோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரப் புறப்பகுதிகள் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் இதிலிருந்தே விளங்கும். அகன்ற நேரான தெருக்கள், அபூர்வமான மழை, தாராளமான மாநிலச் சட்டம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடி இருந்தன. முன்னிருக்கையில் யாருமே இல்லாத வேமோ வண்டிகள் அவ்வூர்ப் பொதுமக்களுக்கு 2020 அக்டோபரில் திறந்துவிடப்பட்டன. மேடும் பள்ளமும் பனிமூட்டமும் நிறைந்த ஸான் பிரான்ஸிஸ்கோவில் எல்லாரும் ஏறலாம் என்ற நிலை 2024 ஜூனில் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ், 2025 மார்ச்சில் ஆஸ்டின், ஜூனில் அட்லாண்டா என்று சேவை விரிந்தது. 2025 வசந்த காலத்தில் வாரத்துக்கு 2,50,000 கட்டணப் பயணங்கள் நடைபெறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. சீனத்திலே பைடூ நிறுவனம் 2022-இலேயே உஹான், சோங்சிங் நகரங்களில் ஆளில்லா வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் உரிமையைப் பெற்றுவிட்டது. 2024 டிசம்பரில் அபுதாபியிலும், முன்னிருக்கையில் ஊழியர் ஒருவர் கண்காணித்திருக்க, சுயசாரதி வண்டிச் சேவையொன்று தொடங்கிற்று.

இந்த வெற்றி யாத்திரையின் நடுவே இரண்டு துக்ககரமான சம்பவங்கள் நிற்கின்றன. 2018 மார்ச் 18-ஆம் தேதி இரவு, அரிஸோனாவின் டெம்ப்பி நகரில், ஊபர் நிறுவனம் பரீட்சித்துக்கொண்டிருந்த காரொன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியின்மேல் மோதி அவர் உயிரைப் பறித்தது. எதிரே வருவது வாகனமா, சைக்கிளா, வேறு பொருளா என்று யந்திரம் மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்த விநாடிகளிலே, முன்னிருக்கையில் கண்காணிப்புக்காக அமர்ந்திருந்த ஊழியரின் பார்வை கைப்பேசியிலே இருந்தது என்றும், காரைத் தயாரித்தவர்கள் அதில் வைத்திருந்த அவசர பிரேக், பரீட்சைக்காகச் செயலற்றதாக்கப்பட்டிருந்தது என்றும் அமெரிக்க விசாரணை வாரியம் கண்டது. குற்ற வழக்கு அந்த ஊழியர்மேல் தொடரப்பட்டது, நிறுவனத்தின்மேல் தொடரப்படவில்லை.

இரண்டாவது சம்பவம் 2023 அக்டோபர் 2-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் நேர்ந்தது. மனிதர் ஓட்டிய கார் ஒன்று மோதியதால் தூக்கி எறியப்பட்ட ஒரு பெண்மணி, அடுத்த தடத்தில் வந்த குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா வண்டிக்கு முன்னே விழுந்தார். மோதியவுடன் நின்ற அவ்வண்டி, விபத்து நேர்ந்தால் சாலையோரம் ஒதுங்க வேண்டும் என்று தனக்கு விதிக்கப்பட்டபடியே, அவரை அடியிலே இழுத்துக்கொண்டு சுமார் 20 அடி நகர்ந்தது. மனிதச் சாரதி ஒருவர், எத்தனை கல்நெஞ்சராயினும், வண்டிக்கு அடியிலிருந்து ஓர் ஓலம் எழுந்தபின் அதை நகர்த்தியிருக்கமாட்டார். அம்மாதமே கலிபோர்னியா சர்க்கார் அந்நிறுவனத்தின் அனுமதியை நிறுத்திவைத்தது. விசாரணையாளர்களுக்குத் தந்த அறிக்கையில் இழுத்துச் சென்ற விஷயத்தை மறைத்ததை நிறுவனம் 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்திற்று. அடுத்த மாதமே, அதற்குப் பணம் கொடுத்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்தத் தொழிலிலிருந்து விலகிக்கொண்டது. ஒரு வண்டியில் சாரதி இல்லாமற் போகும்போது, அவருடைய திறமையோடு கூட, தவறு நேர்ந்தால் முன்வந்து நிற்கிற அவருடைய உடலும் பெயரும் அங்கே இல்லாமற் போகின்றன. அந்த வெற்றிடத்தை யார் நிரப்புவது என்பதே, என் அபிப்பிராயத்தில், இந்த வரலாறு முழுவதிலும் மிகப் பெரிய கேள்வி.

இனி நம் மார்க்கத்துக்கு வருவோம். திருவொற்றியூரிலிருந்து மணலி வழியாக மீஞ்சூர், பொன்னேரி, பஞ்செட்டி என்று செல்கின்ற, டி.பி.பி. ரோடு என்று லாரிக்காரர் அனைவரும் வழங்குகின்ற சாலையை, வேலை நாளொன்றின் மாலையில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கும் போகவேண்டிய கன்டெய்னர் ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அனல்மின் நிலையங்களின் சாம்பலை ஏற்றிய லாரிகள் தார்ப்பாயைப் படபடக்க விட்டுக்கொண்டு கடக்கின்றன. தொழிற்சாலை வேன்களும், ஸ்டேஷன் வாசலில் ஆள் நிரம்பும்வரை அசையாத ஷேர் ஆட்டோக்களும், பழவேற்காட்டுப் பக்கமிருந்து மீன் கூடைகளோடு வரும் வண்டிகளும், இவை அனைத்துக்கும் ஊடே தனக்கே உரிய நிதானத்துடன் சாலையைக் கடக்கும் மாடுகளும் அங்கே சேர்ந்திருக்கின்றன. சாலையில் தடக் கோடு ஒருகாலத்தில் வரையப்பட்டிருந்தாலும், ஒரு வடகிழக்குப் பருவமழைக்கு மேல் அது தங்குவதில்லை.

இத்தனை நெரிசலிலும் வண்டிகள் நகர்கின்றனவென்றால், அது ஓட்டுநர்களுக்குள்ளே பேச்சின்றி நடைபெறும் சம்பாஷணையின் பலனே. எதிரே வருபவரின் கண்ணைப் பார்த்து அவர் விடுவாரா, விடமாட்டாரா என்று அறிவது, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையின் ஒரு சிறு அசைவினால் பின்வருபவரை நிறுத்துவது, லாரியின் பக்கப் பலகையைக் கிளீனர் தட்டும் தட்டில் ‘வா’ என்பதற்கும் ‘நில்’ என்பதற்கும் உள்ள பேதத்தைக் காதாலேயே உணர்வது ஆகிய இவையெல்லாம் எந்த ஓட்டுநர் பள்ளியிலும் கற்பிக்கப்படாத, ஆனால் இந்த மார்க்கத்தில் பிழைக்க இன்றியமையாத வித்தைகள். லேசர் துடிப்புக்குச் சுவரின் தூரம் தெரியும். எதிரே நிற்கிற ஷேர் ஆட்டோக்காரரின் எண்ணம் தெரியாது. வெளிவட்டச் சாலையின் மேலே ஓரளவு ஒழுங்காகச் சென்றுவிடக்கூடிய வண்டியும், அது மீஞ்சூரிலே இறங்குகிற இடத்தில் திகைத்து நின்றுவிடும் என்பதே என் கணிப்பு.

இதனால் நம் தேசத்தில் முயற்சியே இல்லை என்று எண்ணிவிடலாகாது. ஹைதராபாத் ஐ.ஐ.டி.யின் வளாகத்தில் 2022-ஆம் ஆண்டு சுயசாரதி வாகனங்களுக்கென்றே ‘திஹான்’ என்னும் பரீட்சைக்களம் திறக்கப்பட்டு, வளாகத்துக்குள் ஓட்டுநரில்லாச் சிறு பேருந்துகள் ஓடுகின்றன. பெங்களூரின் மைனஸ் ஸீரோ நிறுவனம் 2023-இல் ஸ்டியரிங்கே இல்லாத சிறு வண்டியொன்றைக் காட்டிற்று. போபாலின் ஸ்வாயத் நிறுவனம் விதிக்கு அடங்காத நம் ஊர்ச் சாலைகளையே தன் பரீட்சைக்கூடமாகக் கொண்டிருக்கிறது. ஆனால் வாடகைச் சேவையாக இவற்றில் ஒன்றும் பொதுச் சாலைக்கு வரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டி என்றால் அதனை ஓட்ட லைசென்ஸ் பெற்ற மனிதர் ஒருவர் உண்டு என்ற எண்ணத்தின்மேல் எழுப்பப்பட்டது. 2019-இல் நிறைவேறிய திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 2-பி பிரிவு ஒன்றே, புதுமையையும் ஆராய்ச்சியையும் ஊக்குவிப்பதற்காகச் சில வகை வாகனங்களுக்கு மத்திய சர்க்கார் விலக்கு அளிக்கலாம் என்று ஒரு சிறு வாயிலைத் திறந்துவைத்திருக்கிறது.

சாலையில் நுழைய முடியாத யந்திரச் சாரதி தண்டவாளத்தில் நுழைந்த கதையே நான் சொன்ன இரண்டாவது இழை. அது நம் வாசலிலேயே நிகழ்ந்தது. மீஞ்சூரிலிருந்து ரயிலேறி, பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் கடந்து, எளாவூர், ஆரம்பாக்கம் என்று மாநில எல்லையைத் தாண்டினால் தடா வரும். அதற்கு அருகே விரிந்துகிடக்கும் ஸ்ரீசிட்டியில் அல்ஸ்டம் நிறுவனத்தின் ரயில்பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. சென்னை மெட்ரோவின் முதற்கட்டத்துக்கு வேண்டிய 42 ரயில்களில் முதல் ஒன்பது பிரேஸில் தேசத்திலிருந்து கப்பலில் வந்தன. எஞ்சியவை அனைத்தும் இங்கேதான் கட்டப்பட்டன. அவற்றையெல்லாம் மனிதரே ஓட்டினார்கள். ஆனால் அதன்பின் இத்தொழிற்சாலையின் கைகள், மனிதர் ஓட்டாத ரயில்களைக் கட்டத் தொடங்கின. 2019 மே 26-ஆம் தேதி சிட்னி நகரத்தில், ஆஸ்திரேலியாவிலேயே முதலாவதாக, முற்றிலும் சாரதியின்றி இயங்கும் மெட்ரோ ரயில் திறக்கப்பட்டபோது, ஆறு ஆறு பெட்டிகள் கொண்ட அந்த 22 ரயில்களும் இங்கே பிறந்தவையே. கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில் 2023 ஜூலையின் கடைசி நாளில் ஓடத் தொடங்கிய சாரதியற்ற ரயிலின் 212 பெட்டிகளும் இங்கிருந்தே சென்றன. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் இரும்பாலைகளைப் பற்றியும் சிப்காட்டைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதை ஒரு வரியிலே கடந்துவிடுவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. ஒரு கண்டத்தின் முதல் சாரதியற்ற மெட்ரோ ரயில், நம் மார்க்கத்தின் வடகோடியிலே பற்றவைக்கப்பட்டது என்பது சிறிய சங்கதியன்று.

ரயிலில் இது எளிதாகக் கைகூடியதற்குக் காரணம் உண்டு. அதன் பாதையில் மாடு குறுக்கிடாது. பிளாட்பாரத்தின் விளிம்பில் கண்ணாடிக் கதவுகள் நின்று, ரயில் வந்து சரியான இடத்தில் நின்ற பிறகே திறப்பதால், பிரயாணி தவறி விழவும் வழியில்லை. ஒரு ரயிலுக்கும் மற்றொன்றுக்கும் இடையே உள்ள தூரத்தை ரேடியோச் செய்தி மூலம் கட்டுப்பாட்டு அறை இடையறாது அறிந்துகொண்டே இருக்கிறது. கோபே நகரத்திலும் லீல் நகரத்திலும் 1980-களின் தொடக்கத்திலேயே இவ்வகை ரயில்கள் வந்துவிட்டன. சிங்கப்பூரில் 2003 ஜூனில் திறக்கப்பட்ட வடகிழக்குத் தடம் முழுவதும் பூமிக்கடியிலே சாரதியின்றி ஓடுவது. அதில் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி ஏறும் தமிழர்கள் இருபதாண்டுகளுக்கு மேலாக அதை ஓர் அதிசயமாகவே கருதுவதில்லை. நம் தேசத்தில் தில்லி மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் 2020 டிசம்பர் 28-ஆம் தேதி முதல் சாரதியற்ற ரயில் ஓடிற்று. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டமோ, சுமார் 119 கிலோமீட்டரும் அவ்வாறே திட்டமிடப்பட்டது. அதன் முதற்பகுதிக்கென மூன்று மூன்று பெட்டிகளாக 26 ரயில்களுக்கு 2022-இல் ஒப்பந்தமாகி, முதல் ரயில் 2024 அக்டோபரில் ஸ்ரீசிட்டியிலிருந்து பூந்தமல்லிப் பணிமனைக்கு வந்தது. 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே வெள்ளோட்டமும் நடந்தது.

ஆனால் பாதையை நம்பியிருக்கும் வண்டிக்குப் பாதையே துரோகம் செய்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த மார்க்கம் கண்டிருக்கிறது. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு, பொன்னேரியைக் கடந்து வேகமாக வந்த பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டையில் பிரதான பாதையில் நேரே செல்வதற்கான சிக்னல் கிடைத்திருந்தும், லூப் பாதைக்குள் புகுந்து அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின்மேல் மோதிற்று. உயிர்ச்சேதம் நேராதது தெய்வச்செயல். யந்திரச் சாரதியானாலும், மனிதச் சாரதியானாலும், தண்டவாளத்தின் ஒவ்வோர் ஆணியையும் காத்து நிற்கிற காங்மேன்களையும் சிக்னல் ஊழியர்களையும் நம்பியே வண்டியைச் செலுத்துகிறார்கள். சாரதியைக் குறைக்கும் கணக்கை இந்தக் காவலின்மேலும் நீட்டுவது பேரபாயம்.

மெட்ரோ ரயிலில் யாருடைய உத்தியோகமும் பறிபோகவில்லை. புதிய தடத்தில் புதிய ரயில் வந்தது. டாக்ஸியின் நிலை அவ்வாறன்று. 2024 கோடையில், உஹான் நகரத்து டாக்ஸிக்காரர்கள், மலிவான கட்டணத்தில் ஓடும் ஆளில்லா வண்டிகள் தங்கள் வருவாயைப் பறிக்கின்றன என்று முறையிட்டார்கள். அபுதாபியிலும் துபாயிலும் டாக்ஸி ஓட்டி மாதந்தோறும் பணம் அனுப்பித் தங்கைக்குத் திருமணமும் தந்தைக்கு வைத்தியமும் செய்த எத்தனையோ தமிழர்களின் ஜீவனம் அந்தச் சக்கரத்திலே சுழல்கிறது. அந்த ஊர்களில் யந்திரம் பரவலாக முன்னிருக்கையில் அமரும் நாளில், அதன் அதிர்ச்சி அலை நம் ஊர்த் தபால் நிலையத்திலும் பாங்கியிலும் வந்து மோதும்.

இத்தகைய மாறுதல் சென்னைப் பட்டணத்துக்குப் புதிதன்று. 1895 மே மாதத்தில், இந்தியாவிலேயே முதலாவதாக, மின்சார டிராம் ஓடியது இந்தப் பட்டணத்தில்தான். ராயபுரத்து வடபகுதி ஜனங்கள் ஏறி இறங்கிய அந்த டிராம், கம்பெனிக்கு நஷ்டம் முற்றியதால் 1953 ஏப்ரலில் ஒரு நள்ளிரவோடு நின்றது. மறுநாள் காலையில் டிரைவர்களும் கண்டக்டர்களும் வேலையற்றவர்களாக விழித்தெழுந்தார்கள். பிறகு 1973-இல், மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவைத் தமிழக அரசு ஒழித்தபோது, கலைஞர் கருணாநிதியின் ஆட்சி அந்தத் தொழிலாளருக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்களை வழங்கிற்று. சைக்கிள் ரிக்‌ஷாவை மிதிப்பதும் கடினமான பிழைப்பே. அதுவும் ஆட்டோவின் முன் நெடுங்காலம் நிற்கவில்லை. ஆயினும், ஒரு வண்டியை ஒழிக்கும் அதே உத்தரவிலேயே அதை இழுத்தவனுடைய மறுநாட் சோற்றையும் எண்ணிப் பார்த்த அந்த முறை, 1953-இன் முறையைவிட எத்தனையோ மடங்கு மேலானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மத்திய சாலைப் போக்குவரத்து மந்திரி நிதின் கட்கரி அவர்கள், 2017-இலும் மீண்டும் 2023-இலும், ஓட்டுநர்களின் வேலையைப் பறிக்கும் இத்தகைய கார்களை இந்தியாவுக்குள் அனுமதிக்கப்போவதில்லை என்று பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். அந்த வாக்கின் பின்னுள்ள கருணையை வணங்குகிறேன். ஆனால் ஒரு மந்திரியின் வாக்கு, மந்திரி பதவி உள்ளவரையில்தான் காவல். 2-பி பிரிவின் வாயில் திறந்தே இருக்கிறது. வெளிவட்டச் சாலை போன்ற ஒழுங்கான பெருவழி ஒன்றில், துறைமுகத்துச் சரக்கையோ விமான நிலையத்துப் பிரயாணியையோ ஏற்றிக்கொள்ள, ஒரு நாள் எந்த நிறுவனமாவது விலக்குக் கேட்டு வந்தே தீரும். அன்று அந்த விலக்கின் நிபந்தனைகளிலேயே இரண்டு விஷயங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: விபத்து நேர்ந்தால் கூலி ஊழியர் ஒருவரைக் காட்டிவிட்டு ஒதுங்காமல் நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டும் என்பது ஒன்று, தொலைவிலிருந்து வண்டிகளுக்கு யோசனை சொல்லும் அறைகளிலும், வரைபடம் எடுக்கும் பணியிலும், பழுது பார்க்கும் பணிமனையிலும், அந்தத் தடத்தில் அதுவரை டாக்ஸியும் ட்ரெய்லரும் ஓட்டியவர்களுக்கே முதலிடம் தரவேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாவது நிபந்தனையைக் கேட்டதும், ஸ்டியரிங் பிடித்தவருக்குக் கணிப்பொறித் திரையின் முன்னே என்ன வேலை என்று ஐயுறுகிறவர்கள், கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்தைப் போய்ப் பார்க்கலாம். 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அத்துறைமுகத்தில், கன்டெய்னர் முற்றத்துப் பாரந்தூக்கிகளின் உச்சியிலே ஆள் ஏறி அமர்வதில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடியே அவற்றை இயக்குகிறார்கள். இயக்குகிறவர்களுள், அந்தக் கடற்கரை ஊர்களிலேயே பிறந்து, அங்கேயே பயிற்சி பெற்ற இளம் பெண்களும் இருக்கிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018 முதல் நடத்தி வருவதும், விழிஞ்ஞத்தை நடத்துகிற அதே அதானி குழுமம்தான்.

(தொடரும்)